ரம்ஸியா திறந்து பார்த்த கோட்டை

நுரைச்சோலைச் சந்தியில், பேக்கரிக்கும் உரக் கடைக்கும் நடுவே இருப்பது ரம்ஸியாவின் கடை. பலகையில் பெரிய எழுத்தில் ‘போன், லெப்டொப் திருத்திக் கொடுக்கப்படும்’ என்றிருக்கும். அதற்குக் கீழே, பலகை எழுதியவரின் எழுத்தோடு ஒட்டாத கையெழுத்தில், ‘உங்கள் படங்களையும் கோப்புகளையும் நாங்கள் பார்ப்பதில்லை’ என்று இன்னொரு வரி. அந்த வரியை எழுதியவள் ரம்ஸியா. கடை தொடங்கிய இரண்டாம் வருஷம், ஒரு பெண் பழுதான போனைக் கையில் பிடித்தபடி, தரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் வாசலிலேயே நின்றாள். அன்று பின்னேரமே ரம்ஸியா தூரிகை வாங்கி எழுதினாள். அதற்குப் பிறகு பெண்கள் துணிந்து வந்தார்கள். அவளும் அந்த வரியை மீறியதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. இங்கே சொல்லப்படுவது அந்த ஒரு தடவை.

ரம்ஸியா பிறந்தது 1994ஆம் ஆண்டு, புத்தளம் மாவட்டத்து ஆலங்குடாவில், ஓலைக் கொட்டில் ஒன்றில். வாப்பா பாறூக் மன்னார் தீவில் எருக்கலம்பிட்டிக்காரர். 1990 ஒக்டோபரில், போரில், வடக்கு முஸ்லிம்களோடு ஊரே வெளியேற்றப்பட்டபோது, மனைவி சபூராவையும் கைக்குழந்தை முனாஸையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர். இறங்கிய இடத்தில் உள்ளூர்ச் சனங்கள் சோறு சமைத்து வைத்திருந்ததையும், பிறகொரு கோடையில் அதே சனங்கள் கிணற்றடியில் முகம் கொடுக்காமல் நின்றதையும் அவர் ஒரே குரலில்தான் சொல்லுவார். இரண்டும் நடந்தது, இரண்டையும் சொல்ல வேண்டும் என்பார்.

எருக்கலம்பிட்டியில் ரம்ஸியா ஒருநாளும் குடியிருந்ததில்லை. பெருநாள் விடுமுறையில் போய்ப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘அகதிப் பிள்ளை’ என்று பெயர். மன்னாருக்குப் போனால் ‘புத்தளத்துப் புள்ள’. எங்கே எதைப் பதியப் போனாலும் எந்த ஊர் என்று கேட்டார்கள். பதில் சொல்லுமுன் ‘என்னத்துக்குக் கேக்குறீங்க?’ என்று திருப்பிக் கேட்க அவள் சிறுவயதிலேயே பழகிவிட்டாள்.

அந்தப் பழக்கம் தொழிலுக்குக் கைகொடுத்தது. போன் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று ஒருவர் கொண்டுவருவார். திறந்தால் உள்ளே ஒரே நாளில் பச்சை பூத்திருக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு அவ்வளவு அவசரம் கிடையாது, அது கடல் தண்ணீரின் வேலை. இந்த மனுசன் கடலுக்குப் போனதை ஏன் மறைக்கிறார் என்று அவள் கேட்கமாட்டாள். மனதில் ஒரு மூலையில் போட்டுவைப்பாள். அண்ணன் முனாஸ் கட்டாரில் வேலை செய்வதால், அவன் மனைவி ஷம்லா கடையில் கூட இருந்து போட்டோ கொப்பியையும் ரீலோட்டையும் பார்த்துக்கொள்கிறாள். ஷம்லா கற்பிட்டியில் பிறந்து வளர்ந்த உள்ளூர்க்காரி, வாய்க்காரி. “இவளுக்கு சலாம் செல்லவும் பயமா இரிக்கி. யார் செல்லச் சென்னாங்க எண்டு கேப்பாள்” என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

சென்ற வருஷம் ரம்ஸியாவுக்குக் குறிஞ்சிப்பிட்டியில் ஒரு உள்ளூர்க் குடும்பத்திலிருந்து கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை அஸ்மி வெங்காயமும் பீட்ரூட்டும் செய்கிற தோட்டக்காரன். வாப்பா சிறுவயதிலேயே மௌத்தாகிவிட, தாய்மாமன் சாஹுல் ஹமீதுதான் அந்தக் குடும்பத்தை வளர்த்தவர், எதற்கும் முன்னிற்பவர். படங்கள் போய் வந்தன. சம்பந்தம் பேசியவர் இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார். எல்லாம் நல்லபடி போனது. சாஹுல் ஹமீது கேட்டனுப்பியது ஒன்றே ஒன்றுதான். கல்யாண கார்ட்டில் பெண் வீட்டு ஊராக ஆலங்குடா மட்டும் இருக்கட்டும், எருக்கலம்பிட்டியைப் போட வேண்டாம்.

1990இல் வந்த குடும்பங்களின் கார்ட்டில் முதலில் பழைய ஊர் வரும். அதற்குக் கீழே ‘தற்போது’ என்று போட்டு இப்போதைய ஊர் வரும். கொட்டில் போய்க் கல்வீடு வந்த பிறகும், பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்து முடித்த பிறகும், அந்த ‘தற்போது’வை யாரும் கைவிடவில்லை. முனாஸ் ஷம்லாவைக் கல்யாணம் முடித்தபோது அடித்த கார்ட்டும் அப்படித்தான்.

மாமன் சொல்லியனுப்பிய காரணம் மரியாதையானது. இவ்வளவு காலம் போய்விட்டது, இனி எல்லோரும் ஒரே ஊர்தானே என்றாராம். ரம்ஸியாவுக்கு அந்த மரியாதைதான் இடித்தது. எல்லோரும் ஒரே ஊர் என்றால் ஒரு ஊரின் பெயர் மட்டும் ஏன் போகவேண்டும்? குறிஞ்சிப்பிட்டியின் பெயரை எடுத்துவிடலாமே.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பதில் சொல்வதாக பாறூக் தவணை வாங்கியிருந்தார். மகளிடம் அவர் சொன்னது இது: “கார்ட்டில பேர் போடாட்டி ஊர் கடலுக்குள்ள போயிருமா மகள்? அந்தப் புள்ளய ஒனக்குப் புடிச்சாச் சரி.” சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த சாரனை எடுத்துப் பிரித்து மறுபடியும் மடித்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான். அந்தப் பெயரை எடுக்கச் சொன்னது மாமனா, மாப்பிள்ளையா? மாமன் என்றால் சமாளிக்கலாம், மாமனோடு யாரும் குடும்பம் நடத்தப்போவதில்லை. மாப்பிள்ளையின் எண்ணமே அதுவென்றால் இந்தப் பேச்சு அவளுக்கு வேண்டாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அஸ்மியே கடைக்கு வந்தான். பழைய லெப்டொப் ஒன்றை மேசையில் வைத்து, சூடாகுது, கொஞ்ச நேரத்தில் நின்றுபோகுது என்றான். படத்தில் பார்த்த முகம்தான், வெயில் கொஞ்சம் கூட. ரம்ஸியா ரசீதுப் புத்தகத்தைத் திறந்து பெயர் என்ன என்று கேட்டாள். பின்னால் ஷம்லா இருமினாள்.

அவன் போனதும் ஷம்லா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “எங்கட மாப்பிள்ள சூடாகிட்டாராம். பொண்ணு பாத்துக் குளிர வெக்கணுமாம்.”

ரம்ஸியா சிரிக்கவில்லை. புத்தளம் டவுனில் எத்தனையோ கடைகள் இருக்க, பதில் சொல்லும் வாரத்தில் இங்கே ஏன் வந்தான்? லெப்டொப்பில் குறையே இல்லை, பெண்ணை நேரில் பார்க்க ஒரு சாட்டு என்றுதான் நினைத்தாள். திறந்து பார்த்தாள். ஃபேன் முழுக்க மெல்லிய மணலும் வெங்காயச் சருகும் அடைத்துக் கிடந்தன. அந்த அளவில் அவன் சொன்னது உண்மை.

துப்புரவாக்கி மூடிய பிறகு, குறை தீர்ந்ததா என்று பார்ப்பதற்குக் கணினியைச் சூடேற்ற வேண்டும். அதற்குக் கனமாக ஏதாவது ஓடவேண்டும். உள்ளே பெரிய விளையாட்டு ஏதும் இருந்தால் அதையே ஓடவிடுவது தொழில் வழக்கம். அஸ்மியின் திரையில் ஒரு கோட்டைப் படம் இருந்தது. அதைத் திறந்து, ‘தொடர்க’ என்பதை அழுத்தினாள். இதுவரை தப்பொன்றும் இல்லை.

அந்த வகை விளையாட்டில் ஆடுகிறவர் கதைக்குள் ஒரு ஆளாக இறங்குவார். யாரோடு என்ன கதைப்பது, யார் பக்கம் நிற்பது என்று அவர் தெரிவு செய்யச் செய்ய, கதை அந்த வழியில் போகும். இங்கே ஆடுகிறவர் ஒரு தீவுக் கோட்டையின் வாசற்காவல் தலைவன். கோட்டைக்குள் இருப்பது ஒரே ஒரு கிணறு. எதிர்க்கரை பற்றி எரிகிறது. அங்கிருந்து சனங்கள் வள்ளங்களில் வந்து கதவடியில் இறங்குகிறார்கள். உள்ளே மூன்று கட்சி. ஆங்கிலத்தில் இருந்த பெயர்களைத் தமிழில் சொன்னால், முதலாவது குலத்தார். கிணறு தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கே தண்ணீர் என்பது அவர்கள் வாதம். அடுத்தவர்கள் கணக்கர். எத்தனை வாய், எத்தனை வாளி, யாரை எடுத்து யாரை விட்டால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்று பார்ப்பவர்கள். மற்றவர்கள் திறந்த கதவினர். முன்னால் நிற்பவனைத் திருப்பி அனுப்புவது எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது, பிறகு வருவதைப் பிறகு பார்ப்போம் என்பவர்கள். ஒன்றும் பேசாமல் போய்விடவும் ஒரு வழி வைத்திருந்தார்கள். எதைச் செய்தாலும், செய்தவனின் பெயருக்குக் கீழே கட்சியின் பெயரை ஆட்டமே எழுதிவிடும்.

அஸ்மி கடைசியாக நிறுத்திய இடம் திரையில் வந்தது. கதவு மூடியிருந்தது. காவல் தலைவன் கதவுக்கு வெளியே, கையில் ஈட்டியோடு நின்றான். சுற்றிவர மணலில் மூட்டைகளும், பெண்களும், பிள்ளைகளும். ஒரு கிழவி தலை நிமிர்ந்து, எங்களுக்குத் தண்ணீர் மட்டும் போதும் என்று சொன்னாள். தலைவனின் பெயருக்குக் கீழே ‘குலத்தார்’ என்று எழுதியிருந்தது.

ரம்ஸியா சூடு காட்டும் எண்ணைப் பார்த்தாள். ஏறவில்லை, லெப்டொப் சுகமாகிவிட்டது. அந்த இடத்தில் அவள் மூடியிருக்க வேண்டும். அவள் மூடவில்லை. அவன் முன்னால் சேமித்து வைத்திருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில் கதவு மூடியிருந்தது. அதற்கு முந்தியதிலும் மூடியிருந்தது. ஒன்றில் சனங்கள் பாதிப்பேர் உள்ளே, பாதிப்பேர் வெளியே, நடுவில் கதவு மூடி. எங்கே பார்த்தாலும் குலத்தார், குலத்தார் என்றே இருந்தது.

ஷம்லாவும் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். என்ன ஏது என்று விளங்கியதும் அவள் குரல் தணிந்தது. பயத்தில் ஒரு தடவை மூடியிருந்தால் விட்டுவிடலாம், இந்த ஆள் திரும்பத் திரும்ப வந்து மூடியிருக்கிறாரே என்றாள். பிறகு தன் பக்கத்து ஊர்க்காரனை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், “விளையாட்டுத்தானே ரம்ஸி. கார் விளையாட்டில மனுசரை மோதுறவனெல்லாம் ரோட்டில மோதுறானா?” என்றாள்.

ரம்ஸியாவுக்கு அது பொருந்தவில்லை. கார் மோதுவது கைதவறி நடப்பது. இங்கே மூன்று கட்சியும் வந்து நின்று தங்கள் நியாயத்தைச் சொல்லி, பிறகுதான் நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். கேட்டு, யோசித்து, ஒருவன் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னால் அது அவன் மனசுதானே. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சொன்ன பதில் அல்லவா?

புதன்கிழமை பகல், கடையில் ஆளில்லாத நேரம், தன் பெயரில் ஒரு புது ஆட்டத்தைத் தொடங்கினாள். மூன்று கட்சியின் பேச்சையும் நிதானமாகக் கேட்டாள். கேட்கக் கேட்க, ஆட்டத்தைச் செய்தவன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. திறந்த கதவினர் பேசும்போது பின்னால் வெளிச்சம், இனிமையான இசை. கணக்கருக்கு வெளிறிய முகம். குலத்தாருக்கு முரட்டுத் தாடி. கேள்வி கேட்கிறவன் பதிலையும் பக்கத்தில் வெளிச்சம் போட்டு வைத்திருந்தான். போதாததற்கு எந்தப் பக்கம் நின்றாலும் ஏதோ ஒரு பரிசு கிடைத்தது. குலத்தார் வாள் கொடுத்தார்கள். மற்றவர்கள் பட்டம் கொடுத்தார்கள். நல்லது செய்கிறவனுக்கும் கெட்டது செய்கிறவனுக்கும் உடனே கூலி கிடைக்குமானால், அங்கே நல்லது எது?

எல்லாம் யோசித்தும், அவள் கதவைத் திறந்தாள். சனங்கள் உள்ளே வந்தார்கள். கிணற்றின் அளவு இறங்கிக்கொண்டே போனது. கோட்டைக்குள் படுக்கையில் கிடந்த ஒரு முதியவர் தாகத்தில் இறந்துபோனார். அவள் பெயருக்குக் கீழே ‘திறந்த கதவினர்’ என்று எழுத்து வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலும் உடனே சந்தேகம் வந்தது. ஒரு ஆள் மௌத்தாகிக் கிடக்க, நான் எந்த எழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன்?

ஷம்லாவிடம் சொன்னபோது அவள் கடதாசி அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள். “நோன்புக்கு நிய்யத்து வெச்சுப் பசிச்சிரிக்கிறதும் சோறில்லாமப் பசிச்சிரிக்கிறதும் ஒண்டுதான் எண்டு அந்தப் பொட்டி எழுதிரும். அதுக்கு நிய்யத்துத் தெரியாதே.”

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அது ரம்ஸியாவின் மனதில் போய் நின்றது. அவன் என்ன எண்ணத்தில் மூடினான் என்று அந்தக் கோப்புகளில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாளாக அவள் நீதி சொல்லிக்கொண்டிருந்தது, நிய்யத்துத் தெரியாத ஒரு பெட்டியின் வாக்கை வைத்து. அவனிடம்தான் கேட்கவேண்டும். கேட்டால், பலகையிலுள்ள வரியை மீறியது வெளியே வரும். கேட்காவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

வியாழக்கிழமை பின்னேரம் அஸ்மி வந்தான். லெப்டொப்பை வாங்கி, தட்டிப் பார்த்தான். தோட்டத்தில் வைத்து ஓடவிட வேண்டாம், சருகு இழுக்கிறது என்று ரம்ஸியா சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பினான்.

“ஒரு கேள்வி இரிக்கி” என்றாள். “கதவ என்னத்துக்கு மூடினீங்க?”

அவன் கடைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். அது திறந்துதான் இருந்தது. பிறகு கையிலிருந்த லெப்டொப்பைப் பார்த்தான். விளங்கிவிட்டது.

“பலகையில வேற மாதிரியெல்லோ எழுதியிரிக்கி” என்றான்.

“ஓம். அது என்ட பிழை. அதுக்கு மாப்புக் கேக்குறன். நான் கேட்டதுக்குப் பதில் செல்லுங்க.”

ஷம்லா போட்டோ கொப்பி மெஷினை நிறுத்தினாள். அவன் கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் ரம்ஸியா எதிர்பார்த்தாள். போகவில்லை. கதிரையில் உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

அவன் சொன்னது கிணற்றைப் பற்றி. குறிஞ்சிப்பிட்டியில் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் ஒரு படையாக மிதக்கிறது, அதற்குக் கீழே முழுக்க உப்பு. ஒரேயடியாக இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் அந்தக் கிணறும் போச்சு, பக்கத்துக் கிணறும் போச்சு. அதனால் கொஞ்சம் இறைத்து, மோட்டரை நிறுத்தி, ஊறவிட்டு, பிறகு இறைப்பார்கள். கோட்டைக் கிணற்றையும் அவன் அப்படித்தான் பார்த்திருக்கிறான். பாதிச் சனத்தை எடுத்து, பொழுது படக் கதவை மூடி, கிணற்றை ஊறவிட்டு, விடிந்ததும் மீதிச் சனத்தை எடுப்பது அவன் திட்டம். மூடினவுடனேயே ஆட்டம் அவனைக் குலத்தார் என்று எழுதிவிட்டு, விடியுமுன் சனங்களை வள்ளங்களில் திருப்பியும் அனுப்பிவிட்டது. பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு நேரத்தில் மூடிப் பார்த்தான். அதே எழுத்து. இன்னும் குறைவான ஆட்களை எடுத்துப் பார்த்தான். அதே எழுத்து. விடிந்தாலும் கிணறு ஊறவில்லை.

“அந்த ஆட்டத்தைச் செஞ்சவன் கிணறு கண்டவனில்ல. கிணறு எண்டா ஒரு தண்ணித் தாங்கி எண்டு நினைச்சிரிக்கான்” என்றான்.

ஷம்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரம்ஸியாவுக்கு வரவில்லை. நல்ல பதில்தான். தோட்டக்காரன் ஒருவனைத் தவிர வேறு யாரும் செய்யமுடியாத பிழை. ஆனால் இரண்டு நாள் யோசித்து ஆயத்தப்படுத்தினாலும் இதே பதிலைச் சொல்லலாம். அவன் யோசிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

“கிணறு ஊறுற வரைக்கும் மீதிச் சனம் எங்க நிக்கும்?” என்று கேட்டாள்.

“வெளியதான்.”

“நீங்க?”

“கடைசித் தடவ நானும் வெளிய நிண்டுதான் மூடினேன். கதவ வெளியயிருந்தும் மூடலாம். நான் உள்ளுக்கு நிண்டா அவங்க நம்புவாங்களா, விடிய திறப்பான் எண்டு?”

அவள் அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தாள். ஈட்டியோடு நின்றவனின் முதுகு சனங்களின் பக்கம் இருந்தது. முகம் கதவைப் பார்த்துத்தான் இருந்தது, திறக்கக் காத்து நிற்பவனைப் போல. அதை அவள் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

“விளையாட்டில வெளிய நிக்கிறது லேசு” என்றாள்.

“ஓம், லேசுதான்.” அவன் மறுக்கவில்லை. “நீங்களும் ஆடிப் பாத்திருப்பீங்களே. என்ன செஞ்சீங்க?”

“திறந்தேன்.”

“கிழவர் மௌத்தாப் போனாரா?”

“ஓம்.”

“திரும்பப் போய் மாத்தினீங்களா?”

“இல்ல.”

அந்த முதியவரை அவள் அப்படியே கிடக்கவிட்டு ஆட்டத்தை மூடினாள் என்பது அவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. இவனோ ஒருவரும் சாகாத ஒரு வழியைத் தேடித் திரும்பத் திரும்பப் போயிருக்கிறான். அந்த வழியை ஆட்டத்தைச் செய்தவன் வைத்திருக்கவில்லை. இரண்டு பேரில் யார் நல்லவர் என்று அந்த எழுத்து சொன்னதை இனி அவளால் நம்ப முடியவில்லை.

அதற்காகக் கேட்கவேண்டியதை அவள் விட்டுவிடவில்லை.

“எருக்கலம்பிட்டிய எடுக்கச் சென்னது யார்?”

கிணற்றுக் கதை சொன்னபோது அவளை நேராகப் பார்த்துப் பேசியவன், இப்போது லெப்டொப்பின் மூடியில் ஒட்டியிருந்த ஒரு சருகைக் கிள்ளினான்.

“மாமா” என்றான்.

“நீங்க என்ன சென்னீங்க?”

“ஒண்டும் செல்லல்ல. மாமா செல்லியனுப்பக்குள்ள நானும் பக்கத்திலதான் இருந்தேன். சரியில்ல எண்டு தெரியும். சும்மா இருந்திட்டேன்.”

“ஒங்கட ஆட்டத்தில சும்மா போறதுக்கும் ஒரு வழி இருந்திச்சே. எல்லாத்தையும் திறந்து பாத்தேன். ஒண்டிலயும் நீங்க அதத் தொடல்ல.”

“அது விளையாட்டு” என்றான் அஸ்மி. “இது மாமா.”

அவன் எழுந்து சலாம் சொல்லிப் போனான். வாசலில் நின்று பலகையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்ததை ஷம்லா கண்டாள்.

அவன் போனபிறகு ரம்ஸியா தூரிகையைத் தேடினாள். அந்த இரண்டாவது வரியை அழித்துவிட வேண்டும், அது இனி உண்மையில்லை என்றாள். ஷம்லா விடவில்லை. “அழிக்காத. முன்னுக்கு ‘பெரும்பாலும்’ எண்டு ஒரு சொல்லக் கூட்டிரு” என்றாள். பலகை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பாறூக் குளித்து உடுத்துத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தார். ஓம் என்றும் சொல்லவேண்டாம், இல்லை என்றும் சொல்லவேண்டாம், பதில் மாப்பிள்ளையின் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள். பாறூக் விளக்கம் கேட்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அவர் அப்படியே சொன்னார். சாஹுல் ஹமீது, இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்டாராம். எனக்கும் புதுசுதான் என்றாராம் பாறூக்.

குறிஞ்சிப்பிட்டியில் அதற்குப் பிறகு நடந்தது ஷம்லாவின் உறவுக்காரி ஒருத்தி மூலம் வந்த செய்தி. மாமன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அஸ்மி வாயைத் திறந்திருக்கிறான். என் கல்யாணக் கார்ட்டில் அவங்கட ஊர் இருக்கும், இல்லாவிட்டால் கார்ட்டே வேண்டாம் என்றானாம். சாஹுல் ஹமீது சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார் என்று உறவுக்காரி சொன்னாள். முழுதும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார் என்று வேறு ஆட்களும் சொல்கிறார்கள். அது உறுதியாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு மாமனும் மருமகனும் கொஞ்ச நாள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும் உறுதி. அப்போது மாமன் தோட்டத்து மோட்டரும் நின்றுபோய், அதையும் அஸ்மிதான் போய்த் திருத்திக் கொடுத்திருக்கிறான், ஒரு வார்த்தை பேசாமல்.

ரம்ஸியாவுக்கு இந்தச் செய்தி கிடைத்தபோது, இது உண்மையா, இல்லை அவளுக்குக் கேட்கவேண்டும் என்றே சொல்லிவிடப்பட்டதா என்று யோசித்தாள். ஷம்லா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை அஸ்மி மறுபடியும் கடைக்கு வந்தான். இந்தத் தடவை கையில் லெப்டொப் இல்லை. அச்சகத்தில் மாதிரிக்கு அடித்த கார்ட் ஒன்றை மேசையில் வைத்தான். மணமகள் பக்கத்தில், எருக்கலம்பிட்டி பாறூக், சபூரா என்று முதலில் இருந்தது. அதற்குக் கீழே, தற்போது ஆலங்குடா. ஷம்லா வாசித்துவிட்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றாள்.

ரம்ஸியா கார்ட்டை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு தடவை வாசித்தாள், பிறகு இன்னொரு தடவை. மணமகன் பக்கத்தில் இருந்த குறிஞ்சிப்பிட்டியைப் பார்த்தாள். மறுபடி எருக்கலம்பிட்டியைப் பார்த்தாள். லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்து இரண்டு ஊரின் எழுத்திலும் வைத்தாள். குறிஞ்சிப்பிட்டி ஒரு மயிரளவு உயரமாக இருந்தது.

“அளந்தா பாக்குறீங்க?” என்றான் அஸ்மி.

“ஓம்.”

“அது அச்சகத்துக்காரன்ட வேலையா இருக்கும்.”

“இருக்கலாம். மாமாட வேலையாவும் இருக்கலாம்” என்றாள் ரம்ஸியா. பேனையால் அந்த இரண்டு பெயரையும் வட்டமிட்டு, பக்கத்தில் ‘ஒரே அளவு’ என்று எழுதி, கார்ட்டை அவனிடம் நீட்டினாள்.

“இதத் திருத்திட்டு அடிக்கச் செல்லுங்க.”

அவன் கார்ட்டை வாங்கினான். அதுதான் பதில் என்று ஷம்லாவுக்கு முதலில் விளங்கியது. அவள் போட்டோ கொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து மாமியார் சபூராவுக்குப் போன் எடுத்தாள். அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது.